மொழியின் பாரம் யார் தலையில்? ஜப்பான்–பிரிட்டன் நாடகக் கூட்டுக்கு நான்கு வழிகள்

இந்த ஆண்டில் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் லண்டனில் ஒரு சிறிய நாடகக் குழுவின் தயாரிப்பைக் கவனிப்பவர். டோக்கியோக் குழு ஒன்றோடு சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று பேச்சு நடக்கிறது, எப்படிச் செய்வது என்பதில் இழுபறி. இன்னொருவர் ஓசாகாவில் இருக்கிறார். பிரிட்டிஷ் நாடகப் பிரதி ஒன்றை ஜப்பானிய மேடைக்குக் கொண்டுவர அவருக்கு ஆசை. மூன்றாமவர் ஆய்வு மாணவி. எந்த வகை நாடகங்களை எடுத்துக்கொண்டால் இரண்டு நாடுகளுக்கும் நடுவே நடந்த கொடுக்கல் வாங்கல் தெளிவாகத் தெரியும் என்று கேட்டார்.

சின்னக் குழுக்களுக்குச் சப்டைட்டில் ஓட்டும் வேலையைச் சில ஆண்டுகள் செய்திருக்கிறேன். அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பிரதியில் விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வசனத்துக்கும் பொத்தானைத் தட்டும் வேலை. ஒரு நாடகம் இன்னொரு மொழிக்குள் எங்கே வழுக்கி விழுகிறது என்பது அந்த நாற்காலியில் இருந்து நன்றாகவே தெரியும். என் பார்வை அங்கிருந்து வருகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

பேச்சு பெரும்பாலும் பணத்தில்தான் தொடங்கும். எனக்குப் பணம் இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, மொழியின் பாரத்தை யார் சுமக்கப்போகிறார்கள் என்பது. இரண்டு மொழிகள் ஒரு மேடையில் சந்தித்தால் ஒரு பாரம் இருந்தே தீரும். அது பார்வையாளர் கண்ணில் ஏறலாம், மொழிபெயர்ப்பாளர் மேசையில் ஏறலாம், ஒத்திகை அறையில் பேச்சை மாற்றிச் சொல்பவர் தொண்டையில் ஏறலாம், நடிகர் நாக்கிலும் ஏறலாம். அது யார்மேல் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காத குழுக்கள் கடைசி வாரத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, ஒத்திகைக்கு உண்மையில் எத்தனை நாள் இருக்கிறது. மூன்றாவது, பட்ஜெட் தாளில் வராத செலவுகள். நான்காவது, எல்லாம் முடிந்து மூட்டை கட்டிய பிறகு இரு தரப்பின் கையிலும் என்ன மிஞ்சுகிறது என்பது.

| வழி | பாரம் யாருக்கு | ஒத்திகை | மறைந்திருக்கும் செலவு | பின்னால் மிஞ்சுவது |
|---|---|---|---|---|
| நாடகத்தை அப்படியே கொண்டுபோய்ச் சப்டைட்டில் போடுவது | பார்வையாளர் | புதிதாக அதிகம் வேண்டாம் | சரக்கு, மின்சாரம், விற்க முடியாத இருக்கைகள் | பெயர், நினைவு |
| பிரதியை மொழிபெயர்த்து உள்ளூர் நடிகர்கள் நடிப்பது | மொழிபெயர்ப்பாளர் | வழக்கமான அளவு | உரிமை, திரும்பத் திரும்பத் திருத்தும் நாட்கள் | அந்த மொழியில் ஒரு பிரதி |
| இயக்குநரை மட்டும் வரவழைப்பது | பேச்சு மொழிபெயர்ப்பாளர் | வழக்கத்தைவிடக் கூடுதல் | பழக்கங்கள் மோதும் நேரம் | தொடர்ந்தால் ஓர் உறவு |
| சேர்ந்து புதிதாக உருவாக்குவது | நடிகர்கள் | மிக அதிகம், பல கட்டங்களாக | பட்டறைகள், கைவிட்ட காட்சிகள் | இரு தரப்புக்கும் சொந்தமான நாடகம் |

## நாடகத்தையே கப்பலேற்றுவது

இந்த வழிக்குப் பெரிய உதாரணம் ஜப்பானிய இயக்குநர் நினகவா யுகியோவின் 'மக்பெத்', ஷேக்ஸ்பியர் நாடகம். 1980-ல் டோக்கியோவின் நிசெய் அரங்கில் தொடங்கி, 1985-ல் எடின்பரோ, 1987-ல் லண்டன் நேஷனல் தியேட்டர் என்று போனது. மேடை முழுவதையும் ஒரு பிரம்மாண்டமான 'புட்சுதான்' ஆக்கியிருந்தார் நினகவா. ஜப்பானிய வீடுகளில் இறந்த முன்னோருக்கு விளக்கேற்றி வணங்கும் அலமாரிதான் புட்சுதான். மேடையின் இரு ஓரங்களிலும் இரண்டு கிழவிகள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், தைப்பார்கள், அழுவார்கள். அந்த அலமாரிக் கதவுகளுக்கு உள்ளேதான் மக்பெத்தின் கொலைகள் நடக்கும், செர்ரிப் பூக்கள் உதிரும்.

டோக்கியோக்காரருக்கு அது தன் வீட்டு மூலையில் இருக்கும் அலமாரி, உள்ளே இருப்பவர்கள் தன் தாத்தா பாட்டி. லண்டன்காரருக்கு அது அழகான சட்டகம். படம் கடல் தாண்டிவிடும், அதன் அர்த்தம் அதே எடையோடு தாண்டாது. அந்நிய அழகைக் காட்டி மேற்கத்தியரை மயக்குகிறார் என்று நினகவா மீது குறை சொன்னவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த நாடகம் வெளிநாட்டுக்காகச் செய்ததல்ல. ஷேக்ஸ்பியரை ஜப்பானிய சாதாரண ஜனங்களுக்குப் பக்கத்தில் கொண்டுவரச் செய்தது. 2016-ல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டே லண்டன் பார்பிகன் அதே தயாரிப்பை மறுபடி வரவழைத்தது.

பிரிட்டிஷ் பார்வையாளருக்கு மக்பெத்தின் கதை மனப்பாடம். மேலே ஓடும் எழுத்தைத் தவறவிட்டாலும் நாடகம் கைநழுவாது. 2024-ல் பிரிட்டிஷ் இயக்குநர் ஜான் கேர்டு ஒரு ஜப்பானிய அனிமேஷன் படத்தை வைத்து இயக்கிய 'ஸ்பிரிட்டட் அவே', ஜப்பானிய நடிகர்களோடு, ஜப்பானிய மொழியிலேயே லண்டன் கொலிசியத்துக்கு வந்து மாதக்கணக்கில் ஓடியது. அந்தப் படம் முன்பே உலகம் பார்த்தது. 2022-ல் ஜப்பானிய நாடகாசிரியரும் இயக்குநருமான நோதா ஹிதேகி லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்குக்குக் கொண்டுவந்த 'எ நைட் அட் த கபுகி'யில் ரோமியோ ஜூலியட் கதை இருந்தது, பிரிட்டிஷ் ராக் குழுவான குவீனின் பாடல்கள் இருந்தன. மூன்றிலும் பார்வையாளர் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருந்தது. பெயர் தெரியாத ஆசிரியரின் வசனம் நிறைந்த புது நாடகத்தை இந்த வழியில் அனுப்புவதற்கு முன் ரொம்ப யோசிக்க வேண்டும்.

சப்டைட்டிலில் உள்ள ஒரு சிக்கல் தமிழர்களுக்குச் சட்டென்று புரியும். ஜப்பானிய மொழியிலும் தமிழைப் போலவே வினை கடைசியில்தான் வரும், 'இல்லை'யும் கடைசியில்தான் வரும். ஒரு சிறிய அரங்கில் நான் ஓட்டிய நாடகத்தில் ஒரு வசனம்: "அவரைக் கொன்றது... நான்... இல்லை." நடிகை 'நான்' என்று சொல்லி மூச்சைப் பிடித்து நிறுத்துவார். ஆனால் ஆங்கிலத்தில் 'இல்லை' முன்னாடியே வந்துவிடும். முதல் நாள் நான் வரி முழுவதையும் ஒரே தட்டில் போட்டுவிட்டேன். நடிகை வாயைத் திறப்பதற்குள் விடை மேலே எரிந்துகொண்டிருந்தது. அவர் பிடித்த மூச்சு வீண். மறுநாள் ஆங்கில வாக்கியத்தையே திருப்பிப்போட்டு, 'கொன்றவர்' என்பது முன்னால் வர இரண்டு தட்டாகப் பிரித்தோம். இரண்டாவது தட்டுக்காக என் கட்டைவிரல் அவருடைய மூச்சோடு சேர்ந்து காத்திருந்தது. அன்றைக்கு அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. இப்படி ஒரு நாடகத்தில் முப்பது நாற்பது இடங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேரம் வேண்டும். சப்டைட்டிலைக் கடைசி வாரத்து வேலையாக நினைப்பவர்களுக்கு இந்த நேரம் கிடைப்பதில்லை.

மற்ற மறைமுகச் செலவுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் வீட்டு மின்னழுத்தம் 100 வோல்ட், பிரிட்டனில் 230. டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஓசாகா பக்கம் 60. விளக்கு, ஒலிக் கருவிகளை அங்கேயே வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் மலிவு. ஜப்பானிய மேடைத் தச்சர்கள் இன்னும் 'கென்' கணக்கில் பேசுவார்கள். ஒரு கென் சுமார் 1.82 மீட்டர். வரைபடத்தை மாற்றும்போது சறுக்கினால் செட் வாசலிலேயே நின்றுவிடும். காகிதம், துணி, மெழுகுவர்த்தி எல்லாவற்றுக்கும் தீப்பாதுகாப்புச் சான்று கேட்பார்கள். எழுத்து ஓடும் பலகை தெரியாத இருக்கைகளை விற்க முடியாது. வரியையும் மறக்காதீர்கள்: வெளிநாட்டுக் கலைஞரின் சம்பளத்தில் ஜப்பான் பொதுவாக 20.42 விழுக்காடும் பிரிட்டன் 20 விழுக்காடும் பிடித்துக்கொள்ளும். ஒப்பந்தத்தில் 'கைக்கு வரும் தொகை' என்று எழுதிவிட்டால் அந்த வித்தியாசம் அழைத்தவர் தலையில்.

## பிரதி மட்டும் போவது

ஜப்பானில் இது பழைய வழக்கம். ஓதாஷிமா யூஷி ஷேக்ஸ்பியர் நாடகங்கள் முழுவதையும் 1980 வாக்கில் பேச்சுக்கு நெருக்கமான ஜப்பானியத்தில் முடித்தார். மட்சுஓகா கசுகோ தன் வரிசையை 2021-ல் முடித்தார். ஹாம்லெட்டின் புகழ்பெற்ற கேள்வியை ஓதாஷிமா 'இப்படியே இருந்தால் சரியா, சரியில்லையா' என்ற பொருளில் கேட்கிறார். மட்சுஓகாவிடம் அது 'உயிரோடு தங்குவதா, மறைந்து இல்லாமல் போவதா'. இரண்டு ஹாம்லெட்டும் ஒரே ஆள் இல்லை. முதல் ஆள் தன் வாழ்க்கையைக் கேள்வி கேட்கிறான், இரண்டாவது ஆள் சாவின் விளிம்பில் நிற்கிறான். மட்சுஓகாவின் மொழிபெயர்ப்புகளில் பல, டோக்கியோவுக்குப் பக்கத்துச் சைதாமாவில் நினகவா தொடங்கிய ஷேக்ஸ்பியர் வரிசைக்காக, ஒத்திகை அறையில் நடிகர்களோடு உரசி வளர்ந்தவை. அதனால்தான் அவை வாயில் நிற்கின்றன.

ஆங்கிலத்தின் ஒரே 'ஐ'க்கு ஜப்பானியத்தில் வதாஷி, போகு, ஓரே என்று ஆளுக்கும் சூழலுக்கும் ஏற்றபடி பல சொற்கள். நீ, நீங்கள் என்று பிரித்துப் பேசிப் பழகிய நமக்கு இதன் கனம் தெரியும். எந்த 'நான்' என்று தீர்மானித்தவுடனே அந்தப் பாத்திரத்தின் வயது, மரியாதை, முரட்டுத்தனம் எல்லாம் பாதி தீர்மானமாகிவிடும். எதிர்த் திசையில் இதே இடத்தில் இழப்பு.

2022-ல் இரு திசையிலும் ஒவ்வொரு பெரிய நாடகம் போயிற்று. டோக்கியோ அகசகாவில் 'ஹாரி பாட்டர் அண்ட் த கர்ஸ்டு சைல்டு' முழுக்க ஜப்பானிய நடிகர்களோடு ஜப்பானியத்தில் தொடங்கியது. லண்டன் பார்பிகனில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி, ஜப்பானிய அனிமேஷன் படமான 'மை நெய்பர் டொட்டோரோ'வை ஆங்கிலத்தில் மேடையேற்றியது. எழுதியவர் டாம் மார்ட்டன்-ஸ்மித், இயக்கியவர் ஃபெலிம் மெக்டெர்மட். இசையமைப்பாளர் ஜோ ஹிசாய்ஷியே தயாரிப்பில் பங்கேற்றார். நடிகர்களில் பெரும்பாலோர் கிழக்கு, தென்கிழக்கு ஆசிய வேர் கொண்ட பிரிட்டிஷ் கலைஞர்கள். 2023-ல் லண்டன் நாடகங்களுக்குத் தரும் ஒலிவியர் விருதுகளில் ஆறு வாங்கியது. அந்த நடிகர்களுக்குக் கிடைத்த பெரிய மேடை, விருதுகளைவிட முக்கியம் என்பது என் எண்ணம்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பிரிட்டனில் பல நேரம் ஒருவரைக் கொண்டு நேர் மொழிபெயர்ப்பு வாங்குவார்கள். பிறகு அந்த மொழி தெரியாத நாடகாசிரியர் ஒருவர் அதை மேடைக்கு ஏற்றபடி எழுதுவார். சுவரொட்டியில் பெரிதாக வருவது இரண்டாமவர் பெயர். முதலாமவருக்கு ஒருமுறைச் சம்பளம், ஒத்திகைக்கு அழைப்பும் வராது. ஏதாவது வசனம் ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்வி எழும்போது பதில் தெரிந்த ஒரே ஆள் அறையில் இருக்க மாட்டார்.

ஜப்பானில் பிரிட்டிஷ் நாடகங்கள் மொழிபெயர்ப்பில் ஓயாமல் நடக்கின்றன. பிரிட்டனில் புதிய ஜப்பானிய நாடகங்கள் ஆங்கிலத்தில் நடப்பது அரிது. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய நினைக்கும் சின்னக் குழுவுக்கு இந்த இரண்டாவது வழிதான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

## இயக்குநர் மட்டும் வருவது

வெளியிலிருந்து பார்த்தால் இதுதான் சுலபம். ஒரு விமானச் சீட்டு, ஒரு ஹோட்டல் அறை. உள்ளே போனால்தான் கணக்குப் புரியும். இயக்குநர் மூன்று நிமிடம் பேசுவார், அதை மாற்றிச் சொல்ல மூன்று நிமிடம். நடிகர் கேள்வி கேட்பார், அதற்கும் இரண்டு மடங்கு. ஐந்து வார ஒத்திகை என்று நினைத்தது மூன்று வாரமாகச் சுருங்கிவிடும்.

பழக்கங்களும் மோதும். நினகவாவின் ஒத்திகையில் முதல் நாளே செட் நிற்கும், இசை ஒலிக்கும், நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் நடிகர்கள் பலர் முதல் வாரம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வரி வரியாகப் பேசிப் பழகியவர்கள். 1999-ல் நினகவா, ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியோடு சேர்ந்து ஆங்கிலத்தில் 'கிங் லியர்' செய்தார். நைஜல் ஹாதார்ன் லியர். கோமாளியாக வந்த சனதா ஹிரோயுகி மட்டும் ஜப்பானியர். புயல் காட்சியில் மேலேயிருந்து கற்கள் விழும். சைதாமாவில் தொடங்கி லண்டனுக்கும் ஸ்ட்ராட்ஃபோர்டுக்கும் போன அந்த நாடகத்துக்குப் பிரிட்டிஷ் விமர்சகர்களிடம் 'மக்பெத்'துக்குக் கிடைத்த வரவேற்பு கிடைக்கவில்லை. ஒரு இயக்குநரின் கண் தனியாகப் பயணம் போனால் போதாது, அந்தக் கண்ணோடு பழகிய நடிகர்களும் வேண்டும் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனவர்களின் கதை வேறு. பிரிட்டிஷ் இயக்குநர் டேவிட் லெவோ 1993 முதல் டோக்கியோவில் 'தியேட்டர் ப்ராஜெக்ட் டோக்கியோ'வில் வேலை செய்தார். அவர்கள் இடம் 'பெனிசன் பிட்', முன்பு சாயப்பட்டறையாக இருந்த கட்டடம். சின்ன அரங்கு, பக்கத்தில் நடிகர்கள், ஆண்டுக்கு ஆண்டு அதே முகங்கள். ஜான் கேர்டும் அப்படித்தான். டோக்கியோ இம்பீரியல் தியேட்டரில் 1987-ல் 'லே மிஸராப்லே' ஜப்பானியத்தில் வந்தபோது அதன் இயக்குநர்களில் ஒருவர் அவர். 'ஸ்பிரிட்டட் அவே' 2022-ல் முதலில் மேடையேறியதும் அதே அரங்கில்தான், 35 ஆண்டு கழித்து. பிரதியை அவரோடு சேர்ந்து எழுதியவர் இமாய் மாஓகோ, இரண்டு மொழியிலும் புழங்குபவர். ஒருமுறை வந்துபோகும் இயக்குநருக்கு நான் எதிரானவன் அல்ல. ஆனால் முதல் நாடகத்துக்கு ஒப்பந்தம் போடும்போதே இரண்டாவதைப் பற்றியும் பேசிவையுங்கள்.

## சேர்ந்து உருவாக்குவது

என் மனசுக்கு நெருக்கமானது இதுதான். அதனாலேயே இதன் கஷ்டத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நோதா ஹிதேகி 1992-ல் லண்டனில் ஓராண்டு தங்கி நாடகம் கற்றார். திரும்பி வந்து நோதா மேப் என்ற தன் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய 'அகாஓனி' ஒரு தீவில் ஒதுங்கிய அந்நியனைப் பற்றியது. அவன் பேச்சு ஊருக்குப் புரியாது, ஆகவே அவனைப் பேய் என்கிறார்கள். 1996-ல் டோக்கியோவில் அந்தப் பேயாக ஒரு பிரிட்டிஷ் நடிகர் நடித்தார். 2003-ல் லண்டன் யங் விக்கில் 'ரெட் டெமன்' என்று ஆங்கிலத்தில் போட்டபோது பேய் நோதாவே, ஊர்க்காரர்கள் பிரிட்டிஷ் நடிகர்கள். மொழித் தடையை ஒளிக்காமல் அதையே கதையாக்கிவிட்டார். சின்னக் குழுக்கள் இதிலிருந்து நிறைய எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து 2006-ல் லண்டன் சோஹோ தியேட்டரில் 'த பீ'. ட்சுட்சுயி யசுதகாவின் சிறுகதை, நோதாவும் கொலின் டீவனும் சேர்ந்து ஆங்கிலத்திலேயே எழுதியது. வீடு திரும்பும் ஓர் அலுவலக ஊழியர், தன் மனைவியையும் மகனையும் சிறையிலிருந்து தப்பிய ஒரு கைதி பிணையாகப் பிடித்திருப்பதைப் பார்க்கிறார். இவர் போய் அந்தக் கைதியின் மனைவியையும் மகனையும் பிடித்துக்கொள்கிறார். விரல்கள் வெட்டப்படுகின்றன. மேடையில் ரத்தம் கிடையாது, ஒரு பென்சில் முறியும் சத்தம்தான். அந்தச் சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். லண்டனில் அந்த ஊழியராகக் கேத்ரின் ஹன்டர், கைதியின் மனைவியாக நோதா. 2007-ல் டோக்கியோவில் ஜப்பானியத்தில் போட்டபோது நோதா ஊழியரானார், மனைவியாக அகியாமா நட்சுகோ. ஒரே நாடகம், இரண்டு மொழி, இடம் மாறிய ஆண் பெண். 2012-ல் நியூயார்க், லண்டன், ஹாங்காங், டோக்கியோ என்று சுற்றியது. எந்த ஊரிலும் அது அந்நியச் சரக்காகத் தெரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மறுபக்கம் பிரிட்டிஷ் இயக்குநர் சைமன் மக்பர்னியின் கொம்ப்லிசிதே நாடகக் குழு. டோக்கியோ செதகாயா பப்ளிக் தியேட்டரோடு சேர்ந்து, 2003-ல் ஜப்பானிய எழுத்தாளர் முரகாமியின் மூன்று கதைகளை வைத்து 'த எலிஃபன்ட் வானிஷஸ்', 2008-ல் இன்னொரு ஜப்பானிய எழுத்தாளர் தனிசாகியின் எழுத்திலிருந்து 'ஷுன்-கின்'. இரண்டிலும் நடிகர்கள் ஜப்பானியர், மொழி ஜப்பானியம், முறை ஒத்திகை அறையில் ஒன்றாகத் தேடிக் கண்டுபிடிப்பது. 'ஷுன்-கின்'னில் பார்வையற்ற ஷாமிசென் (மூன்று தந்தி வாத்தியம்) ஆசிரியை முதலில் ஒரு பொம்மை. வளர வளர, அந்தப் பொம்மைக்குக் குரல் கொடுத்த ஃபுகட்சு எரியே அவளாகிவிடுவார். பொம்மைகளைச் செய்தது பிளைண்ட் சம்மிட் என்ற பிரிட்டிஷ் குழு. ஜப்பானின் புன்ராகு பொம்மலாட்டத்திலிருந்து கைத்திறன் கற்ற பிரிட்டிஷ்காரர்கள் அதை வேறு உருவில் டோக்கியோவுக்கே எடுத்து வந்தார்கள். மேடையில் ஷாமிசென் வாசித்தவர் ஹொன்ஜோ ஹிதெதாரோ. கதைக்கு வெளியே, இன்றைய கியோட்டோவில் ஒரு பெண் வானொலிக்காக இந்தக் கதையை வாசித்துப் பதிவு செய்கிறாள். அந்தக் கதவு வழியாகத்தான் நாம் உள்ளே போகிறோம். அந்நியர் ஒருவர் தனிசாகியின் இருட்டுக்குள் நுழைய எவ்வளவு மரியாதையான வாசல் அது!

செலவு? இப்படிச் செய்யும்போது தூக்கிப்போடும் காட்சிகளுக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஒரு வாரப் பட்டறை, பிறகு மாதக்கணக்கில் இடைவெளி, மறுபடி ஒரு பட்டறை. இடையில் நடிகர்கள் வேறு வேலைக்குப் போய்விடலாம். பிரதி யாருக்குச் சொந்தம் என்று முதல் நாளே எழுதிவைக்காவிட்டால் பிற்பாடு மனக்கசப்பு. பட்டறைக் கட்டத்துக்கு ஜப்பான் ஃபவுண்டேஷன், கிரேட் பிரிட்டன் சசகாவா ஃபவுண்டேஷன், டைவா ஆங்கிலோ-ஜப்பானீஸ் ஃபவுண்டேஷன் போன்றவற்றிடம் விண்ணப்பிக்கலாம். முழுச் செலவையும் அவர்கள் தாங்குவார்கள் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

## கேட்டவர்களுக்கு

லண்டன் நண்பருக்கு: நான்கு வார ஒத்திகையும் ஒரே ஒரு பயணமும்தான் உங்களால் முடியும் என்றால் நான்காவது வழியில் இறங்காதீர்கள். முதல் ஆண்டு அவர்கள் நாடகம் ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து உங்கள் நடிகர்களை வைத்துப் போடுங்கள், அவர்களில் இருவரை ஒரு வாரம் ஒத்திகைக்கு வரவழையுங்கள். அந்த ஒரு வாரத்தில் யாரோடு யாருக்கு ஒத்துப்போகிறது என்று தெரிந்துவிடும். இரண்டாம் ஆண்டு பட்டறை.

ஓசாகா நண்பருக்கு: உங்களுக்கு இரண்டாவது வழி. பிரிட்டனிலிருந்து இயக்குநரை அழைக்கும் யோசனையைத் தள்ளிவையுங்கள். அந்தப் பணத்தில் மொழிபெயர்ப்பாளரை ஒத்திகை முழுக்க அறையில் உட்கார வையுங்கள். அவர் பெயர் ஆசிரியர் பெயருக்குக் கீழே அதே அளவு எழுத்தில் வரட்டும்.

ஆய்வு மாணவிக்கு: 'த பீ'யின் ஆங்கில வடிவம், ஜப்பானிய வடிவம் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். யார் ஆணாக, யார் பெண்ணாக நடித்தார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். பக்கத்திலேயே 1999 'லியர்' பற்றிய விமர்சனங்களையும் வைத்துக்கொள்ளுங்கள், சரியாக ஒட்டாமல் போனதிலும் படிக்க நிறைய இருக்கிறது.

மூவருக்குமே ஒன்று. பட்ஜெட் தாளைத் திறந்ததும் முதல் வரியில் பேச்சு மொழிபெயர்ப்பாளரையோ சப்டைட்டில் ஓட்டுபவரையோ எழுதிவிடுங்கள். அவருக்கு முதல் நாள் ஒத்திகையிலேயே ஒரு நாற்காலி போடுங்கள், நடிகர் மூச்சு விடுவது கேட்கிற தூரத்தில்.